தேதி தாண்டிருச்சு, வலி வரலை: ராமநாதபுரம் கடற்கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாம்பன், மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி, தேவிபட்டினம், தொண்டி என்று இந்தக் கரையோரத்திலிருந்து பிரசவத்துக்கு வரும் பெண்களைப் பல வருடம் பார்த்துக்கொண்ட செவிலி நான். ஓய்வு பெற்றுவிட்டாலும் கேள்விகள் நிற்கவில்லை, இப்போது போனில் வருகின்றன. சுற்றிச்சுற்றி ஒரே கேள்விதான்: “சிஸ்டர், தேதி தாண்டிருச்சு, வந்து அட்மிட் ஆகுங்கன்னு சொல்றாங்க. வலி வர மருந்து வச்சா நல்லபடியா பிறந்துருமா?” ஒருத்திக்குக் காலையில் மருந்து வைத்தால் மாலையில் குழந்தை கையில். பக்கத்துக் கட்டிலில் இருப்பவளுக்கு அதே மருந்து, இரண்டு நாள் ஆகியும் ஒன்றுமில்லை. ஏன் இப்படி என்பதைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதெல்லாம் ஒற்றைக் குழந்தை, தலை கீழே, வேறு தொந்தரவு இல்லாத தாய்மாருக்கு. சர்க்கரை, பிரஷர், குழந்தை வளர்ச்சி குறைவு என்றால் கணக்கே வேறு. அவர்களைத் தேதி தாண்டும்வரை விடவே மாட்டார்கள்.

டாக்டர் சொன்ன தேதி போய் மூணு நாளாச்சு. பயப்படணுமா?

பயப்பட வேண்டாம், ஆனால் வீட்டில் சும்மா இருக்கவும் வேண்டாம். கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாள் எண்ணி அந்தத் தேதியைப் போடுகிறார்கள். நம் பாட்டிமார் ‘பத்து மாசம்’ என்றதும் இதுதான், 28 நாள் மாதமாகப் பத்து. ‘ஒன்பது மாசம் பத்து நாள்’ என்றாலும் 30 நாள் மாதக் கணக்கில் அதே 280 வந்து நிற்கும். சரியாக அந்தத் தேதியில் பிறக்கும் குழந்தைகள் கொஞ்சம்தான். 40 வாரம் முடிந்து 41 வரை போவது சாதாரணம். 41 முடிந்தால் ‘தாமதம்’. 42 வாரம் ஆகிவிட்டால்தான் மருத்துவத்தில் ‘காலம் கடந்த கர்ப்பம்’ என்கிறார்கள்.

இந்த நாட்களில் ஆஸ்பத்திரிக்கு ஒரு நடை போய் குழந்தையின் இதயத் துடிப்பை பட்டை கட்டிப் பதிவு செய்யுங்கள் (என்.எஸ்.டி. என்பது அதைத்தான்). பனிக்குடத் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று ஸ்கேனும் பாருங்கள். தண்ணீர் அளவு 5 செ.மீ.க்குக் கீழே என்று சீட்டில் எழுதியிருந்தால் அதோடு வீட்டுக்குத் திரும்பாதீர்கள்.

எங்க தேதியே சரியான்னு சந்தேகமா இருக்கு.

சந்தேகப்படுவது நல்லதுதான். வலி வரவைக்கும் சிகிச்சை கைகொடுக்காமல் போவதற்கு நான் கண்ணால் பார்த்த காரணங்களில் இது ஒன்று. 39 வாரம்கூட முடியாத பெண்ணுக்கு 41 என்று நினைத்து மருந்து வைத்தால் கருப்பை வாய் மசியாது.

ஒருமுறை ராமேசுவரம் தீவிலிருந்து ஒரு பெண் வந்தாள். அட்டையில் எழுதியிருந்த மாதவிலக்குத் தேதி குத்துமதிப்பானது. தோண்டித் துருவிக் கேட்ட பிறகு, “கச்சத்தீவு திருவிழாவுக்குப் போயிட்டு வந்த மறுநாள்தான் சிஸ்டர் வந்துச்சு, நல்லா ஞாபகம் இருக்கு” என்றாள். அந்த வருடம் அந்தோணியார் திருவிழா எந்தத் தேதியில் நடந்தது என்று கேட்டு எண்ணிப் பார்த்தால் பன்னிரண்டு நாள் வித்தியாசம். முதல் ஸ்கேனும் அந்தக் கணக்கோடு ஒத்துப்போனது. மருந்தே வைக்காமல் வீட்டுக்கு அனுப்பினோம். எட்டாம் நாள் தானாக வலி எடுத்து வந்து பெற்றுக்கொண்டு போனாள்.

14 வாரத்துக்கு முன் எடுத்த ஸ்கேன்தான் தேதிக்கு ஆதாரம். அதில் பிழை ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடும். எட்டு ஒன்பதாம் மாதத்து ஸ்கேனில் போட்டிருக்கும் தேதி மூன்று வாரம் வரை முன்னே பின்னே போகலாம், அதை நம்பி நாள் குறிக்கக் கூடாது. தலைப்பிரசவத்துக்கு சென்னையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் அம்மா வீட்டுக்கு வரும் பிள்ளைகளுக்கு இதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: முதல் ஸ்கேன் சீட்டை அங்கேயே பீரோவில் வைத்துவிட்டு வராதீர்கள்.

ஏன் எல்லாரும் 41 வாரம்னு ஒரு கோடு போடுறாங்க?

நஞ்சுக்கொடிக்கும் ஆயுள் உண்டு. நாள் ஏற ஏற அதன் வேலை மெல்லக் குறையும், தண்ணீர் வற்றும், குழந்தை உள்ளேயே மலம் கழித்துவிடவும் கூடும். ஆபத்து திடீரென்று குதித்து ஏறாது. ஆனால் 41-க்கும் 42-க்கும் நடுவே ஏறுகிறது என்பது தெளிவு.

சுவீடனில் 2,760 பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு 41 வாரத்தில் வலி வரவைத்தார்கள், மறுபாதியை 42 வரை காத்திருக்க வைத்தார்கள். காத்திருந்தவர்களில் ஆறு குழந்தைகள் இறந்தன, மற்ற பக்கத்தில் ஒன்றுகூட இல்லை. ஆய்வை முடிக்காமல் பாதியில் நிறுத்தினார்கள். முடிவு 2019-இல் வெளியானது. அதற்கு அடுத்த ஆண்டு 34 ஆய்வுகளை, 21,000-க்கும் மேற்பட்ட பெண்களை, ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். ஒரு குழந்தையின் உயிரைக் காக்க 544 பேருக்கு வலி வரவைக்க வேண்டியிருக்கும் என்று வந்தது. இந்த எண்ணை இரண்டு விதமாகப் படிக்கலாம். 543 பேருக்குக் காத்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்று ஒரு தாய் சொன்னால் அது பொய்யில்லை. அந்த 544-ஆவது ஆள் யார் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை என்று டாக்டர் சொல்வதும் பொய்யில்லை. உலக சுகாதார நிறுவனமும் 41 வாரம் முடிந்தவர்களுக்கு வலி வரவைக்கச் சொல்கிறது.

மருந்து வச்சா கடைசில ஆபரேஷன்லதான் முடியுமாமே?

இந்த வட்டாரத்தில் டீக்கடைக்கு டீக்கடை ஓடும் பேச்சு இது. முழுப் பொய் என்று தள்ளவும் மாட்டேன், ஏனென்றால் ஒவ்வொரு தெருவிலும் அப்படி ஆன ஒருத்தி இருப்பாள்.

கோளாறு ஒப்பிடும் முறையில் இருக்கிறது. தானாக வலி வந்து ஓடி வந்தவளையும் மருந்து வைத்தவளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் மருந்து வைத்தவளுக்கு ஆபரேஷன் அதிகமாகத்தான் தெரியும். முதலாமவளின் உடம்பு ஏற்கெனவே தயாராகிவிட்டது, அதனால்தான் அவளுக்கு வலியே வந்தது. நமக்கு முன்னால் இருக்கும் கேள்வி வேறு. இன்னும் வலி வராத உனக்கு இன்று மருந்து வைப்பது நல்லதா, இன்னும் ஒரு வாரம் காத்திருப்பது நல்லதா? அந்த ஒரு வாரத்தில் குழந்தை இன்னும் பெருக்கும், தண்ணீர் குறையும், துடிப்பு தடுமாறி அவசர ஆபரேஷனில் முடியவும் வாய்ப்பு உண்டு. இப்படிச் சரியாக ஒப்பிட்ட மேலே சொன்ன தொகுப்பில், மருந்து வைத்தவர்களுக்கு ஆபரேஷன் கூடவில்லை, சற்றுக் குறைந்துதான் இருந்தது. அமெரிக்காவில் 6,000-க்கும் மேற்பட்ட தலைப்பிரசவக்காரர்களிடம் 39 வாரத்திலேயே செய்து பார்த்தபோதும் (2018) மருந்து வைத்தவர்களில் நூற்றுக்கு 18.6 பேருக்கும், காத்திருந்தவர்களில் 22.2 பேருக்கும் சிசேரியன் ஆனது.

ஆனால் அந்த எண்கள் ஆளும் கட்டிலும் பொறுமையும் இருந்த இடத்து எண்கள். காலையில் மருந்து வைத்துவிட்டு, ‘சாயங்காலத்துக்குள் ஆகலைன்னா தியேட்டர்’ என்று கடிகாரம் பார்க்கும் இடத்தில் அவை பொருந்தாது. என் உறவுக்காரப் பெண் ஒருத்திக்கு அப்படித்தான் நடந்தது. கருப்பை வாயில் வைக்கும் ஒரே ஒரு ஜெல், ஏழு மணி நேரம், அதோடு “வலி பிடிக்கலை” என்று எழுதிவிட்டார்கள். அது மருந்தின் தோல்வி என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

யாருக்கு மருந்து பிடிக்கும், யாருக்குப் பிடிக்காதுன்னு முன்னாடியே தெரியுமா?

ஓரளவு தெரியும். முதலில் பார்ப்பது கருப்பை வாயை. தனுஷ்கோடியைப் புயல் அள்ளிக்கொண்டு போன அதே 1964-இல் அமெரிக்காவில் பிஷப் என்ற மகப்பேறு மருத்துவர் ஒரு மதிப்பெண் முறையை எழுதினார். இன்றும் லேபர் வார்டு சீட்டில் ‘பிஷப் ஸ்கோர்’ என்று இருப்பது அதுதான். உள்பரிசோதனையில் ஐந்தைப் பார்ப்போம்: வாய் எவ்வளவு திறந்திருக்கிறது, எவ்வளவு மெலிந்திருக்கிறது, கெட்டியா மெதுவா, பின்னால் திரும்பியிருக்கிறதா முன்னால் வந்திருக்கிறதா, குழந்தையின் தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது. மொத்தம் 13 மதிப்பெண்.

விரலுக்கு அது எப்படித் தெரியும் என்று பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் கேட்பார்கள். மூக்கு நுனியைத் தொட்டுப் பார் என்பேன். அப்படி விறைப்பாக, பின்னால் எட்டாத தூரத்தில் இருந்தால் இன்னும் பழுக்கவில்லை. உதட்டைத் தொட்ட மாதிரி மெத்தென்று விரலுக்கு இடம் கொடுத்தால் உடம்பு தயார். 8-உம் அதற்கு மேலும் என்றால் தானாக வலி வந்தவளுக்குச் சமமாக நம்பலாம். 6-உம் அதற்குக் கீழும் என்றால் முதலில் வாயைப் பழுக்க வைக்க வேண்டும், எடுத்தவுடன் ட்ரிப்ஸ் போட்டு வலியைத் துரத்துவதில் பயனில்லை. பிஷப் அதை எழுதியது ஏற்கெனவே பெற்ற தாய்மாருக்காக என்பதையும் மனதில் வைக்க வேண்டும். தலைப்பிரசவக்காரிக்கு அதே எண் வந்தாலும் நேரம் கூடுதலாகும்.

அடுத்தது அதுவேதான், முன்பு பெற்றவளா என்பது. ஒரு பிள்ளையைச் சுகப்பிரசவத்தில் பெற்றவளின் கருப்பை வாய் வழி அறிந்தது. பிஷப் எண் குறைவாக இருந்தாலும் அவளைப் பற்றி நான் அதிகம் கவலைப்பட்டதில்லை.

மற்றவை ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். தாயின் எடை மிக அதிகமென்றால் மருந்து கூடத் தேவைப்படும், நேரமும் இழுக்கும். வயது 35 தாண்டினால், உயரம் 145 செ.மீ.க்கும் குறைவென்றால் ஆபரேஷனுக்கான வாய்ப்பு ஏறும். குழந்தை பெரிதென்றாலும் அப்படியே. ஆனால் ஸ்கேன் சொல்லும் எடையில் நூற்றுக்குப் பத்து பதினைந்து பிசகு சாதாரணம். “நாலு கிலோன்னு சொன்னாங்க” என்று அழுதுகொண்டு வந்தவளுக்கு மூன்றரையில் பிறந்ததுண்டு. குழந்தையின் முகம் மேல்நோக்கி, பிடரி தாயின் முதுகுப் பக்கம் இருந்தால் இடுப்பு வலி பிளக்கும், வாய் மெல்லத் திறக்கும். நிறையப் பேர் பாதியில் திரும்பிக்கொள்வார்கள் (குழந்தைகளைச் சொல்கிறேன்).

ரத்தம் குறைவாக இருந்தால் மருந்து பிடிக்காது என்று ஒரு பேச்சு உண்டு. பிடிக்கும். பிரச்சினை பிரசவத்துக்குப் பிறகு வரும். நீண்ட நேரம் ஆக்ஸிடோசின் (ட்ரிப்ஸில் ஏற்றும் வலி மருந்து) ஓடிய கருப்பை களைத்துப்போய்ச் சுருங்க மறுத்தால் உதிரப்போக்கு அதிகமாகும், ரத்தம் குறைந்த உடம்பு அதைத் தாங்காது. அதனால் இரும்புச்சத்து மாத்திரையைக் கடற்கரை மணலில் வீசியவர்கள் அட்மிட் ஆகும்போது உண்மையைச் சொல்லிவிடுங்கள். திட்ட மாட்டார்கள், திட்டினாலும் ரத்தம் ஏற்பாடு செய்துவைப்பார்கள்.

ஜெல், பலூன், மாத்திரை: எது நல்லது?

ஜெல் என்பது டைனோப்ரோஸ்டோன், வாயைப் பழுக்க வைக்கும் மருந்து. குளிர்பெட்டியில் வைத்து எடுக்க வேண்டும். கருப்பை வாயில் வைத்துவிட்டு அரை மணி நேரமாவது படுக்க வைப்பார்கள். ஆறு மணி நேரம் கழித்துப் பார்த்து, தேவையென்றால் மறுபடி. ஒரு நாளில் மூன்றுக்கு மேல் இல்லை. ஆஸ்துமா இருந்தால் முன்பே சொல்லுங்கள்.

பலூனைப் பார்த்துத்தான் எல்லோரும் மிரள்வார்கள். “சிஸ்டர், இது யூரின் ட்யூப்தானே, ஏன் இங்க வைக்கிறீங்க?” அதே ஃபோலி குழாய்தான். அதைக் கருப்பை வாய்க்குள் செலுத்தி, நுனிப் பலூனில் 30 முதல் 80 மி.லி. வரை தண்ணீர் ஏற்றி, குழாயைத் தொடையில் பிளாஸ்டர் போட்டு ஒட்டிவிடுவோம். அது உள்ளிருந்து மெல்ல அழுத்தும். வாய் மூன்று செ.மீ. போலத் திறந்ததும் தானாக நழுவி விழும், கழிப்பறையில் விழுந்ததென்று பதறிக் கூப்பிடுவார்கள். அது நல்ல சேதி. பலூனில் மருந்து இல்லாததால் கருப்பை தறிகெட்டுச் சுருங்கும் பயம் குறைவு.

மாத்திரை, மிசோப்ரோஸ்டால். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு வாய்வழி 25 மைக்ரோகிராம், இரண்டு மணிக்கு ஒருமுறை. நாக்பூரில் பிரஷர் உள்ள தாய்மாரிடம் இந்த அளவையும் பலூனையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 24 மணி நேரத்துக்குள் சுகப்பிரசவம் ஆனவர்கள் மாத்திரையில் நூற்றுக்கு 57, பலூனில் 47. மருந்துக்கடை மாத்திரை 200 மைக்ரோகிராம், அதாவது எட்டு மடங்கு. அதை யாரோ சொன்னார்கள் என்று வாங்கி வீட்டில் போட்டவளின் கருப்பை கிழிந்து போகலாம். இதற்கு மேல் கடுமையாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

வாய் பழுத்த பிறகு பனிக்குடத்தை உடைத்து, ஆக்ஸிடோசின் ட்ரிப்ஸ் சொட்டுக் கணக்கில் ஏற்றுவார்கள். பத்து நிமிடத்தில் ஐந்துக்கு மேல் வலி வந்தால் உடனே குறைப்போம் அல்லது நிறுத்துவோம். நிறுத்திய சில நிமிடங்களில் அதன் வேகம் அடங்கிவிடும். பக்கத்தில் நிற்கும் அம்மா, “சீக்கிரம் ஆகட்டும்” என்று ட்ரிப்ஸ் குழாயில் சொட்டைக் கூட்டிக் குறைக்கும் சக்கரத்தைத் திருகிவிட்டதை நான் பிடித்திருக்கிறேன். தயவுசெய்து அதில் கை வைக்காதீர்கள்.

எத்தனை மணி நேரம் பார்க்கணும்?

நினைப்பதைவிட அதிகம். வாய் பழுக்கவே ஒரு நாள் போகலாம். பனிக்குடம் உடைத்து ஆக்ஸிடோசின் ஓட்டி 12 முதல் 18 மணி நேரமாவது பார்க்காமல், தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கும்போது, ‘பிடிக்கலை’ என்று முடிவு கட்ட வேண்டியதில்லை. ஐந்து ஆறு செ.மீ. திறக்கும்வரை மெல்லத்தான் போகும், அதற்குப் பிறகுதான் வேகம். குழந்தையின் துடிப்பு இறங்கினாலோ தாய்க்குக் காய்ச்சல் வந்தாலோ இந்தக் கணக்கெல்லாம் செல்லாது.

இரண்டு நாளுக்கான துணி, வெந்நீர் பிளாஸ்க், அட்டை, பிக்மி எண் (கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது கொடுத்த எண்) எல்லாம் எடுத்து வாருங்கள். ஆரம்பத்தில் இட்லி, கஞ்சி சாப்பிடலாம், நடக்கலாம். வெறும் வயிற்றோடு ஒரு நாள் கிடந்தவளுக்கு முக்க வேண்டிய நேரத்தில் தெம்பு இருக்காது.

தானா வர்ற வலியைவிட இது கூடவா வலிக்கும்?

ட்ரிப்ஸில் வரும் வலி சீக்கிரம் சீக்கிரமாக, இடைவெளி குறைவாக வரும். அதனால் கூடுதலாகத் தெரியும் என்றே பெற்றவர்கள் சொல்கிறார்கள். வலி குறைக்கும் ஊசி கேட்க வெட்கப்படாதீர்கள்.

முதல் பிள்ளை ஆபரேஷன். எனக்கு மருந்து வைப்பாங்களா?

மிசோப்ரோஸ்டால் கூடவே கூடாது, பழைய தையல் விட்டுவிடலாம். பலூன் வைத்துப் பார்க்கும் இடங்கள் உண்டு, ஆனால் உடனே ஆபரேஷன் செய்யும் வசதி அதே கட்டடத்தில் இருந்தால் மட்டும்.

விளக்கெண்ணெய், அன்னாசி, பேரீச்சம்பழம்?

விளக்கெண்ணெய் வேண்டாம். வயிற்றாலே போய், நம் ஊர் வெக்கையில் தண்ணீர் வற்றி, சோர்ந்து வருவார்கள். அன்னாசிக்கு ஆதாரம் இல்லை, பிடித்தால் பழமாகச் சாப்பிடுங்கள். பேரீச்சம்பழம் பற்றிக் கீழக்கரை உம்மாமார் சொல்வதில் கொஞ்சம் விஷயம் இருக்கிறது. ஜோர்டானில் கடைசி நாலு வாரம் தினம் ஆறு பழம் சாப்பிட்ட 69 பெண்களையும் சாப்பிடாத 45 பேரையும் பார்த்ததில், சாப்பிட்டவர்கள் வாய் அதிகம் திறந்த நிலையில் வந்து சேர்ந்தார்கள். சின்ன ஆய்வுதான், ஆனாலும் நல்ல பழம். சர்க்கரை உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தண்ணீர் நிறையக் குடியுங்கள். குடம் குடமாக விலைக்கு வாங்கும் தெருக்களில் கர்ப்பிணிதான் கடைசியாகக் குடிக்கிறாள். பாசி எடுக்கக் கடலில் இறங்கும் பெண்கள் ஒதுங்க இடமில்லை என்று பாதி நாள் குடிக்காமலேயே இருக்கிறார்கள். அவர்களுக்குத்தான் ‘தண்ணி கம்மியா இருக்கு’ என்று ஸ்கேனில் வந்து நிற்கிறது. எல்லாக் குறைவும் குடித்துச் சரியாகாது, சிலது ஆகும்.

டாக்டர் உள்பரிசோதனையின்போது விரலால் பனிக்குடச் சவ்வை விலக்கிவிடுவதுண்டு. சிறிது வலிக்கும், சொட்டு ரத்தம் படும். அதன் பிறகு மருந்தே தேவைப்படாமல் வலி வந்தவர்கள் நிறைய.

நல்ல நட்சத்திரத்துல பிறக்கிற மாதிரி மருந்து வைக்க முடியுமா?

முடியாது. ஜெல்லுக்குப் பஞ்சாங்கம் தெரியாது.

நாங்க தீவுல இருக்கோம், அவர் கடல்ல இருக்கார். எப்ப கிளம்பணும்?

ராமேசுவரத்திலிருந்து ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஏறத்தாழ 55 கிலோமீட்டர். வலி வந்தவளுக்கு அது நீண்ட தூரம். நாள் குறித்து அட்மிட் ஆவதில் நமக்குள்ள பெரிய லாபமே பகல் வெளிச்சத்தில், அவசரமில்லாமல் பாலம் தாண்டலாம் என்பதுதான். ஐப்பசி கார்த்திகையில் தேதி விழுந்தால், பாம்பனில் புயல் கூண்டு ஏற்றியதும் வலி இருக்கிறதோ இல்லையோ ராமநாதபுரத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

கணவர் வரட்டும் என்று நாள் தள்ளாதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலமென்றால் விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள். நாட்டுப்படகுக்கு அந்தத் தடையும் இல்லை. மருந்து வைக்க சம்மதக் கையெழுத்தை நீங்களே போடலாம். வயது வந்த பெண்ணுக்கு அவள் கையெழுத்தே போதும், மாமியாரோ மச்சானோ வந்து போட வேண்டியதில்லை.

காத்திருக்கும் நாட்களில் சாப்பிட்டுவிட்டு இடப்பக்கம் சாய்ந்து படுத்து, குழந்தையின் அசைவை எண்ணுங்கள். இரண்டு மணி நேரத்தில் பத்து வர வேண்டும். குறைந்தாலோ, தண்ணீர் போனாலோ, அது பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தாலோ, ரத்தம் பட்டாலோ, தலைவலியோடு கண் மங்கினாலோ 108-க்குப் போன் செய்யுங்கள். அட்மிஷனுக்கு நாளைக்குத்தானே சொல்லியிருக்கிறார்கள் என்று விடிய விடியக் காத்திருந்து, அசைவு நின்றுபோன பிறகு வந்த ஒருத்தியின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.